பதினெட்டாவது புட்டி

மணல் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் எனக்குச்
சீட்டு எழுதி ஒட்டுகிற வேலை.
பசை, கத்தரி, கறுப்பு மைப் பேனா.
ஜன்னலைத் தாண்டினால் உவரிக் கடல்.

மோனசைட் என்று முதன்முதலாய் எழுதியபோது
மோனம் என்றே காதில் விழுந்தது.
வாய் திறக்காத மணல் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.
பாளையங்கோட்டை நூலகத்துத் தடித்த அகராதி
வேறு சொன்னது: கிரேக்கத்தில், தனித்திருப்பது.
எங்கோ பாறையில் ஒற்றையாய்க் கண்டவன் வைத்த பெயர்.
இங்கே அலை ஒரு தரம் வந்து போனால்
கோடித் தனிமைகள் கறுத்துக் குவிந்திருக்கும்.
அதன்மேல் வலையைக் காயப்போட்டுவிட்டு
வாட்ச்மேன் பொனிப்பாஸ்
சூடு தாங்காமல் செருப்பைத் தேடுவார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும்
திசையன்விளை போய் பஸ் மாறினேன்.

லாந்தனம்: ஒளிந்திருப்பது.
செரியத்துக்குள் பதுங்கிக் கிடந்ததாம்,
பீரோவுக்குப் பின்னால் விழுந்த கம்மல் மாதிரி.
டிஸ்ப்ரோசியம்: கிட்டுதற்கு அரிது
(எங்கள் தெருத் தண்ணி லாரிக்கு வைத்திருக்கலாம்).
டிடிமியம் என்றால் இரட்டை.
நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே பொருள் என்று நம்பி,
பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு பேர்:
பச்சை இரட்டை, புது இரட்டை.
கித்தேரியின் மக்கள் இருவருக்கும்
ரேஷன் கார்டில் ஏழு வருஷம் ஒரே பெயர்.
"ஒருத்தனுக்குச் சீனி, ஒருத்தனுக்குச் சும்மா" என்பாள்.

அப்புறம் ஓர் ஊர். இட்டர்பி.
ஸ்வீடனில், தண்ணீர் ஓரம், ஒரு கல்குழி.
இட்ரியம், இட்டர்பியம், டெர்பியம், எர்பியம்
நாலும் அந்த ஒரு பெயரைக் கிழித்துத் தைத்தவை.
ஊர்ப்பெயருக்குப் பொருள் தேடினேன்:
வெளியூர். அவ்வளவுதான்.
ஒதுக்குப்புறத்து ஊர்.
எர்பியத்துக்கும் டெர்பியத்துக்கும்
இடையில் யாரோ பெயரை மாற்றிவிட்டார்களாம்.
மாறினது மாறினதுதான்,
உலகம் அப்படியே படிக்கிறது.

சீட்டு ஒட்டுகிறவளுக்கு
இதைவிடத் தைரியம் யார் கொடுப்பார்?

உவரி என்றால் பழந்தமிழில் கடல்.
வாலில் ஒரு 'யம்' போதும்.
கரைக்குப் போய் இரண்டு கை அள்ளி வந்தேன்.
பார்வையாளருக்கென்று கண்ணாடி அலமாரியில்
பதினேழு புட்டிகள் வரிசையாய் நிற்கும்.
அதில் ப்ரொமீத்தியம் மட்டும் காலி.
தீயைத் திருடியவன் பெயர் அதற்கு,
மண்ணில் நிலைப்பதில்லை,
பெயர்ச்சீட்டு உண்டு, பொருள் கிடையாது.
பக்கத்தில் பதினெட்டாவதை நிறுத்தினேன்.
உவரியம்.
இரண்டு வருஷம் ஒருவரும் கேட்கவில்லை.

ஐப்பசியில் சீல் வைக்க வந்தார்கள்.
மகஜர் எழுத வந்தவர் என் பேனாவை வாங்கிக்கொண்டு
ஒவ்வொன்றாய் வாசிக்கச் சொன்னார்.
"ப்ரொமீத்தியம்."
"எங்க, ஒண்ணுமில்லையே?"
"அது தங்காது சார்."
"தங்காதுன்னா? யார் எடுத்தது?"
திருட்டுக் கதையைச் சொல்லியிருக்கலாம்.
அன்றைக்கு அது சரிப்படாது.
இருப்பு இல்லை என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டார்.
"அடுத்து?"
"உவரியம்."
தலை நிமிரவில்லை.
"எழுத்துக் கூட்டிச் சொல்லும்மா."

சொன்னேன். உ. வ. ரி. ய. ம்.
ஒரு புட்டி, முக்கால் அளவு, கறுப்பு நிறம்.
அரசாங்கத் தாளில் இங்க் காயும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சாட்சிக் கையெழுத்துக்குப் பொனிப்பாஸைக் கூப்பிட்டார்கள்.
பட்டியலை மேலிருந்து கீழே விரலால் ஓட்டி
கடைசி வரியில் நின்றார்.
என்னைப் பார்த்தார்.
"இது ஒண்ணுதான் பிள்ள எனக்கு வாசிக்க வந்துச்சு"
என்றபடி பெயரைப் பெரிதாய் எழுதினார்.

கதவில் அரக்கு உருகியது.
என் கறுப்பு மைப் பேனா
அவர்கள் ஜீப்போடு போய்விட்டது.